மூன்று முறை தேடப்படும் பென் டிரைவ்

அக்கா வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் படுத்துவிட்டது. உள்ளே பல வருஷத்துப் படங்கள், காதுகுத்தில் தொடங்கி கிரகப்பிரவேசம் வரை. வேறெங்கும் நகல் இல்லை. அக்கா மகன் கெட்டிக்காரன், கல்லூரியில் இரண்டாம் வருஷம். நான் போய்ச் சேருவதற்குள் ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பிப் பார்த்திருந்தான். என் முன்னாலும் ஒரு முறை செய்து காட்டினான். பட்டியல் திரை வந்தது. முதல் வரியில் எண்டர் தட்டினான். வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடி, சட்டென்று நின்றன. மூன்று நிமிஷம் போல எதுவும் அசையவில்லை. கடைசியில் ஓர் எச்சரிக்கை: இன்ன பெயர் கொண்ட டிஸ்க் இல்லை. அதற்குக் கீழே கண்சிமிட்டும் ஒரு கோடு.

"பென் டிரைவ் போச்சு மாமா. கடைக்குப் போய் வேற வாங்கிட்டு வரேன்."

"இருடா. டிஸ்க்கைக் காணோம்னு ஒண்ணு சொல்லுதே, அது எங்கேருந்து வந்துச்சு?"

திரையைப் பார்த்தான். பென் டிரைவைப் பார்த்தான். அந்த லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கில் லினக்ஸ் கிடையவே கிடையாது. எச்சரிக்கையை எழுதிய நிரலே பென் டிரைவிலிருந்து ஏறி வந்ததுதான். வீட்டுக்குள்ளிருந்து எழுந்து வந்தவன் வாசலில் நின்று 'இங்கே வீடே இல்லையே' என்கிற கதை.

இந்த முரண் எப்படி வருகிறது என்று தெரிந்தால், பென் டிரைவிலிருந்து லினக்ஸ் கிளம்ப மறுக்கும் சிக்கல்களில் பெரும்பங்கு புரிந்துவிடும். நாம் சொருகுவது ஒரு முறைதான். ஆனால் அந்தப் பென் டிரைவைக் கணினி மூன்று முறை, மூன்று வெவ்வேறு ஆட்களைக் கொண்டு தேடுகிறது. முதல் ஆள் கண்டுபிடித்ததை மூன்றாம் ஆள் கேட்டுக்கொள்வதில்லை. எந்த ஆள் வரை வேலை ஒழுங்காக நடந்தது என்பதை, திரை எங்கே நின்றது என்பதை வைத்தே சொல்லிவிடலாம்.

முதல் ஆள், மதர்போர்டில் குடியிருக்கும் ஃபர்ம்வேர். பழைய கணினிகளில் இதற்குப் பயாஸ் என்று பெயர். 1981-ல் வந்த ஐபிஎம் பீசியிலிருந்து அதன் பழக்கம் ஒன்றுதான்: டிஸ்க்கின் முதல் 512 பைட்டை எடுத்து நினைவகத்தில் வைத்து, அதற்குள் குதித்துவிடும். கோப்பு, கோப்புறை என்ற எதுவும் அதற்குத் தெரியாது. ஹார்ட் டிஸ்க் என்றால் அந்த 512-ன் கடைசி இரண்டு பைட்டும் 55, ஏஏ என்று இருக்க வேண்டும். இருந்தால் பூட் ஆகும் டிஸ்க், இல்லையென்றால் இல்லை. அதற்கு முந்தைய 64 பைட், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணைக்கு. நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட். கணினியில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் பிடிக்கும். இந்தப் பத்தியின் இரண்டு வரி அந்த இடத்தில் அடங்கினால் அதிகம். அவ்வளவு சிறிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் நிரல்தான் தன்னைவிடப் பெரிய நிரலைக் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும்.

இட்டானியம் செயலிக்காக இன்டெல் தொடங்கிய வேறொரு முறை, 2005-ல் பல நிறுவனங்கள் சேர்ந்த அமைப்பின் கைக்குப் போய் யூஇஎஃப்ஐ ஆயிற்று. இன்றைய லேப்டாப்களில் இருப்பது இதுதான். பயாஸைவிடப் படித்த ஆள். ஃபேட் முறையில் எழுதப்பட்ட பகுதியைத் திறந்து கோப்புகளைப் பெயர் சொல்லி எடுக்கத் தெரியும். புதிதாகச் சொருகிய பென் டிரைவில் அது தேடுவது ஒரே ஒரு முகவரியை: இஎஃப்ஐ என்ற கோப்புறை, அதற்குள் பூட் என்ற கோப்புறை, அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு. அந்த இடத்தில் அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் டிரைவ் பட்டியலில் தெரியும். இல்லாவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போய்விடும். 2014 வாக்கில் மலிவாக வந்த சில டேப்லெட்களில் செயலி 64 பிட், ஃபர்ம்வேர் மட்டும் 32 பிட். அது தேடும் கோப்பின் பெயரே வேறு. நல்ல பென் டிரைவைச் சொருகிவிட்டு, ஏன் தெரியவில்லை என்று ராத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு. நானும் ஒருவன்.

ஆக, பென் டிரைவ் பட்டியலிலேயே வரவில்லை என்றால் லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. லினக்ஸின் ஒரு பைட்கூட அதுவரை ஓடவில்லை. டிரைவ் எழுதப்பட்ட விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கேதான் புதியவர்கள் முதலில் சறுக்குவது. இணையத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணக் கோப்பு போலப் பென் டிரைவில் நகலெடுத்து வைத்துவிட்டு, பூட் ஆகவில்லை என்பார்கள். பொட்டலத்தைப் பிரிக்காமல் அடுப்பில் வைத்தது போலத்தான். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு சீடியின் அச்சு. முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே, பென் டிரைவின் முதல் பைட்டிலிருந்து தொடங்கி அதை எழுத வேண்டும்.

ஆனால் சீடிக்கென்று செய்த அச்சு பென் டிரைவில் எப்படிக் கிளம்புகிறது? சீடியின் கோப்பு முறைக்கான தரம் 1988-ல் வந்தது. அதை எழுதியவர்கள் சீடியின் தொடக்கத்தில் 16 கட்டங்களை, கட்டத்துக்கு 2,048 பைட் வீதம் 32,768 பைட்டை, எதற்கும் பயன்படுத்தாமல் காலியாக விட்டுவைத்தார்கள். யார் வேண்டுமானாலும் எதையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று விட்ட இடம். பழைய வீடுகளில் வழிப்போக்கர் தங்க விட்ட திண்ணை மாதிரி. பிற்பாடு சிஸ்லினக்ஸ் திட்டத்தில் எச். பீட்டர் ஆன்வினும் கூட்டாளிகளும் அந்தத் திண்ணையைக் கண்டுகொண்டார்கள். பயாஸ் எதிர்பார்க்கும் 512 பைட்டை அங்கே உட்கார வைத்தார்கள். சீடியாகப் படிக்கிறவருக்குத் திண்ணை கண்ணில் படாது, நேராக உள்ளே போய்விடுவார். ஹார்ட் டிஸ்க்காகப் படிக்கிறவருக்குத் திண்ணையில் இருப்பவரே வழி காட்டிவிடுவார். ஒரே கோப்பு, இரண்டு வேஷம். இப்படிச் செய்ததற்கு ஐசோஹைப்ரிட் என்று பெயர். இன்று இறக்கும் லினக்ஸ் ஐஎஸ்ஓக்களில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவைதான். இருபது வருஷத்துக்குப் பின்னால் யாருக்கோ உதவும் என்று தெரியாமலே விட்ட 32 கேபி. கணினித் தரங்களில் எனக்கு மிகவும் பிடித்த காலியிடம் அதுதான்.

திண்ணை நினைவில் இருந்தால் இன்னொரு தப்பும் புரியும். லினக்ஸில் டிடி என்ற கட்டளையால் எழுதும்போது, முழு டிரைவின் பெயரைத் தர வேண்டும். அதன் முதல் பகுதியின் பெயரைத் தந்தால், அச்சு திண்ணையில் விழாமல் வீட்டின் உள்ளறையில் போய் விழும். வாசலில் பார்க்கிற ஃபர்ம்வேருக்கு ஒன்றும் தெரியாது. பெயரில் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். அதே கட்டளையில் ஓர் எழுத்து மாறினால் லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கின் மேலேயே எழுதிவிடும், 'நிச்சயமா?' என்றுகூடக் கேட்காது. டிடி என்றால் 'டிஸ்க் டெஸ்ட்ராயர்' என்று கணினிக்காரர்கள் கிண்டலடிப்பது சும்மா இல்லை. எழுதுவதற்கு முன் டிரைவை ஒரு முறை பிடுங்கிச் சொருகி, பட்டியலில் எது மறைந்து எது வந்தது என்று பார்ப்பது என் வழக்கம். ஐந்து வினாடி.

எழுதி முடித்த டிரைவை விண்டோஸில் சொருகினால் அது பதறிப்போய், 'இதை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று சொல்லும். 32 ஜிபி டிரைவுக்கு நாலைந்து எம்பிதான் என்றும் காட்டலாம். டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபார்மேட்டை அழுத்துகிறவர்கள் அநேகம். அப்புறம் 'எத்தனை முறை எழுதினாலும் பூட் ஆகமாட்டேன்கிறது' என்பார்கள். விண்டோஸுக்கு அந்த மொழி தெரியவில்லை, அவ்வளவுதான். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கழற்றிவிட வேண்டும்.

டிரைவ் சரி, பட்டியலில்தான் இல்லை என்றால், பட்டியலையே சரியாக வரவழைத்தோமா என்று பார்க்க வேண்டும். எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் என்று கம்பெனிக்கு ஒரு விசை. ஃபர்ம்வேர் அமைப்புகளில் ஃபாஸ்ட் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் நேரம் மிச்சம் பிடிக்க யூஎஸ்பியை எட்டிப் பார்ப்பதைச் சில கணினிகள் விட்டுவிடும். விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுப்பதும் முழுசாக அணைப்பது ஆகாது, அரைத்தூக்கத்தில் போடுவது. 'ரீஸ்டார்ட்' கொடுத்து விசையை அழுத்தினால் இரண்டு தொல்லையிலும் பாதி தீரும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், நேற்றுவரை கிளம்பிய பென் டிரைவ் இன்று கிளம்பவில்லை என்றால் அது செக்யூர் பூட்டின் வேலையாக இருக்கலாம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது, கையொப்பம் இல்லாத எதையும் ஃபர்ம்வேர் ஓட விடக்கூடாது என்ற ஏற்பாடு பரவலானது. ஃபர்ம்வேர்களில் ஏற்கெனவே பதிந்திருந்த சாவி மைக்ரோசாஃப்டுடையது. லினக்ஸைக் கிளப்பிவிடும் கிரப் போன்ற நிரல்கள் அடிக்கடி மாறுகிறவை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மைக்ரோசாஃப்ட் வாசலில் வரிசையில் நிற்க முடியாது. மேத்யூ காரெட் என்ற நிரலாளர் ஒரு வழி செய்தார். ஷிம் என்ற சின்ன நிரல். மரவேலையில் இடைவெளியை அடைக்க வைக்கும் ஆப்புக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். அதற்கு மட்டும் மைக்ரோசாஃப்டின் கையொப்பம். அதற்கு அப்புறம் வருவதை அந்தந்த லினக்ஸின் சாவியை வைத்து ஷிம் சரிபார்க்கும்.

ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது. 2020-ல் கிரப்பில் ஓர் ஓட்டை அகப்பட்டது, 'பூட்ஹோல்' என்று பெயர் வைத்தார்கள். ஓட்டையுள்ள பழைய கிரப்களும் கையொப்பம் பெற்றவைதானே? எல்லாவற்றையும் தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியல் உட்காரும் இடமோ மதர்போர்டில் சில பத்து கேபி. ஒவ்வொரு பழைய கோப்பாக எழுதிக்கொண்டே போனால் இடம் தீர்ந்துவிடும். ஆகவே தலைமுறை எண் என்ற யோசனை வந்தது: 'இந்த எண்ணுக்குக் கீழே உள்ள கிரப் எதுவும் வேண்டாம்' என்ற ஒரு வரி போதும். இந்த முறைக்கு எஸ்பேட் என்று பெயர். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று அந்த வரியைக் கணினிகளில் பதித்தது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து குடியிருக்கும் கணினிகளில் அதைப் பதிக்காது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது, ஆனால் பலவற்றில் பதிந்துவிட்டது. மறுநாள் அந்தக் கணினிகளில் லினக்ஸும் கிளம்பவில்லை, மேஜை இழுப்பறையில் இருந்த பழைய பென் டிரைவ்களும் கிளம்பவில்லை. 'ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டுக் கணினி அணைந்துபோயிற்று.

அந்த வரியைப் பார்த்தால் பென் டிரைவைக் குறை சொல்லாமல், அதே லினக்ஸின் புதிய பதிப்பை இறக்கி எழுதிப் பார்ப்பது முதல் மருந்து. செக்யூர் பூட்டை அணைப்பது இரண்டாவது. ஆனால் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், செக்யூர் பூட்டைத் தொட்ட மறுகணம் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அமைப்புகளுக்குள் நுழைய வேண்டும். லினக்ஸ் முயற்சியில் விண்டோஸையும் இழந்தவர் கதைகள் எனக்கு நிறையத் தெரியும்.

ஃபர்ம்வேர் தேடிக் கண்டுபிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டாம் ஆள், கிரப். அக்கா மகனின் திரையில் வந்த பட்டியல் இதன் கைவேலை. கிரப்புக்குப் பெரும்பாலும் தனக்கென்று கண் கிடையாது. ஃபர்ம்வேரின் கண்ணாலேயே டிஸ்க்குகளைப் பார்க்கும். அதன் வேலை இரண்டு கோப்புகளைப் படித்து நினைவகத்தில் வைப்பது. ஒன்று, லினக்ஸின் கர்னல். மற்றது, இனிட்ராம்எஃப்எஸ் என்ற கட்டுச்சோற்று மூட்டை. கர்னல் கண் விழித்ததும் முதல் சில வினாடிகளுக்குத் தேவையான கருவிகள் அதில் இருக்கும்.

நிறுவாமலே ஓட்டும் லைவ் பென் டிரைவில் கிரப் தகராறு செய்வது குறைவு. பென் டிரைவிலேயே லினக்ஸை முழுசாக நிறுவிக்கொள்கிறவர்கள்தான் இதனிடம் மாட்டுவார்கள். என் நண்பர் ஒருவர் அப்படி ஆசைப்பட்டார். சட்டைப்பையில் ஒரு கணினியைச் சுமந்து திரியலாம், எந்த ஊரில் எந்தக் கணினி கிடைத்தாலும் தன் கோப்புகளோடு வேலை செய்யலாம் என்ற ஆசை. வெளி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினார். தன் லேப்டாப்பில் சொருகி, நிறுவும் இடமாக அதையே தேர்ந்து, நிறுவி முடித்தார். அருமையாக ஓடியது. மறுநாள் எஸ்எஸ்டியை அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். அங்குள்ள கணினி அதைச் சீந்தவே இல்லை. அதே நேரம் வீட்டிலிருந்து மனைவியின் போன்: லேப்டாப் கறுப்பாக நிற்கிறது, 'கிரப்' என்று ஒரு சொல்லும் ஓர் அம்புக்குறியும் மட்டும் தெரிகிறது.

ஒரே தப்பு, இரண்டு வீட்டில் எதிரொலி. சில நிறுவல் நிரல்கள் லினக்ஸை வெளி டிரைவில் வைத்தாலும், பூட் நிரலை மட்டும் முதலில் கண்ணில் பட்ட இஎஃப்ஐ பகுதியில் வைத்துவிடும். அது லேப்டாப்பின் உள் டிஸ்க்கில் இருப்பது. கூடவே மதர்போர்டின் நினைவில் 'இனி முதலில் இவரைக் கூப்பிடு' என்று ஒரு குறிப்பும் எழுதிவிடும். வெளி டிரைவில், ஃபர்ம்வேர் தேடும் அந்த ஒற்றை முகவரியில், ஒன்றும் இல்லை. ஆகவே அலுவலகக் கணினிக்கு எஸ்எஸ்டி வெற்று டிரைவ். வீட்டு லேப்டாப்போ குறிப்பை நம்பி கிரப்பைக் கூப்பிடுகிறது. கிரப் தன் மிச்ச உடம்பு எங்கே என்று தேடுகிறது. அது நண்பரின் பையில், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி.

மனைவியை அந்த அம்புக்குறியில் 'எக்ஸிட்' என்று தட்டச் சொன்னோம். கிரப் விலகிக்கொண்டது, ஃபர்ம்வேர் வரிசையில் அடுத்தவரான விண்டோஸைக் கூப்பிட்டது. வீட்டில் அமைதி திரும்பியது. எஸ்எஸ்டியைச் சரிசெய்யச் சாயங்காலம் ஆயிற்று: அதிலேயே ஒரு ஃபேட் பகுதி ஒதுக்கி, கழற்றிக்கொண்டு போகும் டிரைவ் இது என்று சொல்லி கிரப்பை மறுபடி நிறுவினோம். அப்படிச் சொன்னால்தான் எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பொது முகவரியில் தன்னை வைத்துக்கொள்ளும். கிரப்பின் நிறுவல் கட்டளையில் இதற்கென்றே 'ரிமூவபிள்' என்றொரு விருப்பம் இருக்கிறது. இப்போது அவர் யாருக்கு நிறுவிக் கொடுத்தாலும், முதலில் ஃபர்ம்வேர் அமைப்பில் உள் டிஸ்க்கை அணைத்து வைத்துவிடுகிறார்.

இனி மூன்றாம் ஆள். வாசலில் நின்று வீட்டைத் தேடுகிறவன்.

கர்னல் பொறுப்பேற்கும் கணத்தில் ஃபர்ம்வேரின் டிஸ்க் படிக்கும் சேவைகள் எல்லாம் மூடப்படுகின்றன. அதுவரை பென் டிரைவைப் படித்துத் தந்த கண் அணைந்துவிட்டது. பயாஸ் அந்த டிரைவுக்கு ஓர் எண் கொடுத்திருந்தது, யூஇஎஃப்ஐ வேறொரு விதமாக அடையாளம் வைத்திருந்தது. அவை அந்த வீட்டுப் பேச்சு, கர்னலுக்குப் பொருள் இல்லாதவை. தான் எந்த டிரைவிலிருந்து வந்தோம் என்று கர்னலுக்குத் தெரியாது. நினைவகத்தில் கண் விழிக்கிறது, கையில் கட்டுச்சோற்று மூட்டை, அவ்வளவுதான்.

அப்புறம் எல்லாம் முதலிலிருந்து. தன் சொந்த டிரைவர்களைக் கொண்டு யூஎஸ்பி கட்டுப்பாட்டுச் சில்லை எழுப்புகிறது. ஒவ்வொரு துளையிலும் இருக்கும் கருவியை ரீசெட் செய்து, நீ யார் என்று கேட்கிறது. கீபோர்டு, கேமரா, ப்ளூடூத் எல்லாம் பதில் சொல்கின்றன. பென் டிரைவ், தான் சேமிப்புக் கருவி என்கிறது. டிரைவ் நிதானத்துக்கு வரட்டும் என்று கர்னல் ஒரு வினாடி போலக் காத்திருக்கிறது. அதன் பிறகே அதன் அளவு, பகுதிகள் எல்லாம் படிக்கப்பட்டு ஒரு பெயர் கிடைக்கிறது. இத்தனைக்கும் இரண்டு மூன்று வினாடி. செயலிக்கு அது ஒரு யுகம். தேடும் நிரல் அவசரப்பட்டு, டிரைவ் பதில் சொல்வதற்குள் 'இல்லை' என்று முடிவு கட்டிவிட்டால், கர்னல் பேனிக். வேரைக் காணோம் என்று புலம்பிவிட்டு உறைந்துவிடும். பட்டியல் திரையில் ஈ விசையை அழுத்தி, கர்னல் வரியின் முடிவில் 'ரூட்டிலே=10' என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் பத்து வினாடி பொறுக்கும். வெளிப்பெட்டியில் போட்ட பழைய ஹார்ட் டிஸ்க் சுற்றி வேகம் பிடிப்பதற்குள் கர்னல் கைவிடுவதையும் இது தடுக்கும்.

அந்த ஹார்ட் டிஸ்க்குகளுக்கு வேறு ஒரு கோளாறும் உண்டு, பசி. யூஎஸ்பி 2 துளை தரக் கடமைப்பட்டது 500 மில்லியாம்பியர், யூஎஸ்பி 3 துளை 900. ஃபர்ம்வேர் படிக்கும்போது தாக்குப்பிடித்த டிஸ்க், கர்னல் ரீசெட் செய்து மறுபடி எழுப்பும்போது மின்சாரம் போதாமல் விழுந்துவிடும். பட்டியல் வந்தது, அதற்கப்புறம் காணோம் என்றால் யூஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேரடித் துளையில் சொருகிப் பார்க்க வேண்டும். துளையை மாற்றுவது மந்திரம் போலத் தெரியும், ஆனால் காரணம் இருக்கிறது: நீலத் துளையும் கறுப்புத் துளையும் சில பழைய கணினிகளில் வெவ்வேறு சில்லின் கீழ் வருகின்றன, ஒன்றில் வராதது மற்றதில் வரலாம்.

சரி, டிரைவ்கள் எல்லாம் பெயர் பெற்றுவிட்டன. நாலைந்து இருக்கின்றன. இவற்றில் எது நம் வீடு? பெயரை நம்ப முடியாது. யார் முதலில் பதில் சொன்னாரோ அவருக்கு 'எஸ்டிஏ', அடுத்தவர் 'எஸ்டிபி'. பழைய லேப்டாப்பில் உள் டிஸ்க் எஸ்டிஏ, பென் டிரைவ் எஸ்டிபி. புதிய லேப்டாப்பின் உள் டிஸ்க் என்விஎம்இ வகை, அதற்குப் பெயர் வரிசையே வேறு, ஆகவே அங்கே பென் டிரைவ்தான் எஸ்டிஏ. பெயரைக் கெட்டியாக எழுதி வைத்த நிறுவல் ஒரு கணினியில் ஓடி, மறு கணினியில் திணறுவது இதனால்தான்.

அதனால் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் உள்ள நிரல் அங்க அடையாளம் வைத்துத் தேடுகிறது. உபுண்டு ஒவ்வொரு டிரைவாகத் திறந்து, காஸ்பர் என்ற கோப்புறை இருக்கிறதா என்று பார்க்கும். முழு நிறுவல்கள் யூயூஐடி என்ற நீண்ட தனி எண்ணை வைத்துத் தேடும். ஃபெடோரா போன்றவை டிரைவின் மேல் எழுதியிருக்கும் லேபிளை வைத்துத் தேடும்.

அக்கா மகனின் சிக்கல் அந்த லேபிளில் இருந்தது. "எதை வெச்சுடா எழுதின?" என்றேன். ஏதோ ஒரு மென்பொருள் பெயர் சொன்னான். அது ஐஎஸ்ஓவை அச்சாக எழுதும் வகை இல்லை. பென் டிரைவை ஃபேட் முறையில் வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் வகை. யூஇஎஃப்ஐ தேடும் கோப்பும் அதில் வந்துவிட்டது, கிரப்பும் வந்துவிட்டது, கர்னலும் வந்துவிட்டது. லேபிள் மட்டும் முழுசாக வரவில்லை. ஃபேட் முறையில் லேபிளுக்கு 11 எழுத்துதான் இடம். டாஸ் காலத்தில் கோப்புப் பெயருக்கு எட்டு, பின்னொட்டுக்கு மூன்று என்று ஒதுக்கினார்களே, அந்தப் பதினொன்று. ஐஎஸ்ஓவின் லேபிளோ இருபது எழுத்துக்கு மேல். மென்பொருள் பதினொன்றோடு வெட்டிவிட்டது.

பேருந்துப் பலகையில் 'திருச்செ' என்பதோடு பெயிண்ட் உதிர்ந்திருந்தால் அது திருச்செந்தூர் போகுமா, திருச்செங்கோடு போகுமா? மனிதர் என்றால் கண்டக்டரைக் கேட்பார். இந்த நிரல் முழுப் பெயர் எழுதிய பலகை வரும் என்று மூன்று நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, பேருந்தே இல்லை என்று எழுதிவிட்டது. ஆர்ச் லினக்ஸ் வெகுகாலம் தன் லேபிளை 'ஆர்ச்' என்ற நாலு எழுத்து, ஒரு கோடு, வருஷம், மாதம் என்று ஆங்கிலத்தில் வைத்திருந்தது. எண்ணிப் பார்த்தால் சரியாகப் பதினொன்று.

மறுபடி கிளப்பினோம். பட்டியல் வந்ததும் ஈ விசை. கர்னல் வரியில் நீண்ட லேபிள் எழுதியிருந்த இடத்தில் வெட்டுப்பட்ட லேபிளை, அது எப்படிப் பதிவாகியிருந்ததோ அதே பெரிய எழுத்துகளில், தட்டினான். எஃப் 10. எழுத்துகள் ஓடின, நிற்கவில்லை. அரை நிமிஷத்தில் டெஸ்க்டாப்.

இத்தோடு எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது. கர்னல் டிரைவைக் கண்ட பிறகும் இரண்டு விபத்துகள் மிச்சம். திரை கறுப்பாகி, காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் தகராறு. கர்னல் வரியில் 'நோமோட்செட்' சேர்த்தால் வண்ணமும் வேகமும் குறைந்தாலும் திரை வரும். இன்னொன்று மோசமானது. டெஸ்க்டாப் வரும், ஆனால் பிரவுசரைத் திறந்தால் விழும், வேறெதையாவது திறந்தால் உறையும். டிரைவில் பாதி பைட்டுகள் தப்பு என்று அர்த்தம். லினக்ஸில் எழுதும்போது, நூறு சதவீதம் முடிந்தது என்று திரை சொன்னாலும் கடைசிப் பங்கு நினைவகத்திலேயே காத்துக்கொண்டிருக்கலாம். அவசரமாகப் பிடுங்கினால் அது டிரைவுக்குப் போய்ச் சேராது. 'சிங்க்' என்று ஒரு கட்டளை கொடுத்து அது முடியும்வரை பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் டிரைவே போலி. 64 ஜிபி என்று கணினியிடம் பொய் சொல்லும்படி உள்நிரலை மாற்றிய 8 ஜிபி டிரைவ்கள் தெருவோரத்திலும் கிடைக்கின்றன, இணையத்திலும் கிடைக்கின்றன. எழுதுவதை எல்லாம் வாங்கிக்கொள்ளும், திரும்பக் கேட்டால் குப்பையைத் தரும். எஃப்3 என்ற சின்ன நிரல் முழு டிரைவையும் எழுதிப் படித்து இதைக் காட்டிக்கொடுக்கும். இறக்கிய ஐஎஸ்ஓவின் எஸ்ஹெச்ஏ-256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடாதவர்கள் இந்தப் பேச்சுக்கே வர வேண்டாம்.

அக்காவின் படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. காதுகுத்தில் நான் மடியில் வைத்துக்கொண்டிருக்கும் குழந்தை, இப்போது பக்கத்தில் உட்கார்ந்து லேபிள் தட்டியவன். நகலெடுக்க வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று கொண்டுவந்திருந்தேன். அப்போதுதான் கவனித்தோம்: அந்த லேப்டாப்பில் மூன்று துளை, இரண்டு எப்போதோ உடைந்தவை. உருப்படியான ஒன்றில் பென் டிரைவ் உட்கார்ந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தின் அடியிலிருந்து அதைப் பிடுங்க முடியாது.

"மறுபடி ரீஸ்டார்ட் பண்ணு" என்றேன். ஈ விசை, லேபிள், கூடவே அதே வரியில் இன்னொரு சொல்: 'ஆர்டி.லைவ்.ராம்=1'. உபுண்டுவில் இதற்கு 'டூராம்' என்று பெயர். இந்த முறை டெஸ்க்டாப் வர நாலைந்து நிமிஷம் பிடித்தது. பென் டிரைவில் இருந்த இரண்டு ஜிபி இயங்குதளம் முழுவதையும் நினைவகத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. எட்டு ஜிபி ராம் இருந்ததால் தாங்கியது.

"இப்ப பிடுங்கு."

தயங்கினான். இவ்வளவு நேரம் மூன்று பேர் தேடிய பொருள். மெதுவாக இழுத்தான். விளக்கு அணைந்தது. திரையில் மவுஸ் அம்பு நகர்ந்துகொண்டே இருந்தது. அந்தத் துளையில் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினோம், படங்கள் நகலாகத் தொடங்கின. பென் டிரைவ் மேஜைமேல் டீ டம்ளர் பக்கத்தில் கிடந்தது. அக்கா வந்து அதை எடுத்து, "இதானே கெட்டுப்போச்சுன்னான்? தூக்கிப் போட்டுடவா?" என்றாள்.